கடல் இல்லாத ஊரில் ஒரு கடல் பாடம்

(மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில், தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலில் சேரும் நுண்நெகிழி பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். நாம் கூடியிருப்பது கரிசல் காடு. ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கிற ஊர்கள். இங்கே வந்து கடலைப் பற்றிப் பேசினால் எடுபடுமா என்ற தயக்கம்தான். இதே கேள்வியை என் வகுப்பில் ஒரு மாணவன் முன்பே கேட்டிருக்கிறான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடலில் மிதக்கும் பைகள், ஆமையின் வயிற்றில் நெகிழி என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே போனேன். பின்வரிசையில் இருந்து ஒருவன் எழுந்தான். "டீச்சர், நம்ம ஊர்ல குளத்துலயே தண்ணியக் காணோம். கடலுக்கு நாம என்ன செய்ய முடியும்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "பரீட்சைக்கு வரும், எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

நல்ல கேள்விக்கு நான் சொன்ன மிக மோசமான பதில் அது. அவனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நுண்நெகிழி என்பது என்ன?

5 மில்லிமீட்டருக்கும் குறைவான நெகிழித் துகளை நுண்நெகிழி என்கிறோம். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைக்குப் பிறகுதான் இந்தச் சொல் பரவலாயிற்று. அவர்கள் கடற்கரை மணலை மட்டும் பார்க்கவில்லை. 1960களில் இருந்து கடலில் சேகரித்துப் பத்திரப்படுத்தியிருந்த மிதவையுயிரி மாதிரிகளையும் எடுத்துப் பார்த்தார்கள். பழைய மாதிரிகளிலேயே நெகிழி இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அளவு கூடியிருந்தது. யாரோ ஒருவர் தேதி எழுதி எடுத்து வைத்த மாதிரி நாற்பது ஆண்டு கழித்துச் சாட்சி சொன்னது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

நுண்நெகிழியில் இரண்டு வகை உண்டு. பிறக்கும்போதே சிறிதாகப் பிறந்தது ஒன்று. பெரிதாக இருந்து உடைந்து சிறுத்தது மற்றொன்று. முதல் வகைக்கு நம் கண் முன்னே நடந்த சான்று இருக்கிறது.

2025 மே 25 அன்று, விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். 600க்கும் மேற்பட்ட கொள்கலன்கள் கப்பலோடு போயின. அவற்றில் சிலவற்றில் இருந்தவை நெகிழிக் குருணைகள். குடம், வாளி, பை எல்லாம் செய்வதற்கு மூலப்பொருளாகத் தொழிற்சாலைகளுக்குப் போகும் வெள்ளை மணிகள் அவை. ஜவ்வரிசி போல இருக்கும். சில நாட்களிலேயே திருவனந்தபுரம் கரையிலும் நம் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. தன்னார்வலர்கள் மணலைச் சல்லடையில் சலித்துச் சலித்து அள்ளினார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2021 மே மாதம், கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பிடித்து ஜூன் 2இல் மூழ்கியது. அதில் ஏறத்தாழ 1,680 டன் நெகிழிக் குருணை இருந்தது. உலகில் பதிவான நெகிழிக் குருணைக் கசிவுகளில் அதுவே மிகப் பெரியது.

இதைக் கணக்கு வகுப்புக்குக் கொண்டு போகலாம். ஒரு குருணை ஏறத்தாழ 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிராமுக்கு 50 குருணை. ஒரு 25 கிலோ மூட்டையில் எத்தனை? பன்னிரண்டரை லட்சம். 1,680 டன்னில்? 8,400 கோடி. "இவ்வளவையும் எப்படிப் பொறுக்குவது?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். பொறுக்க முடியாது என்பதுதான் விடை. நுண்நெகிழியைப் பொறுத்தவரை கடலுக்குப் போன பின் வழியில்லை, போகும் முன்புதான் வழி.

கப்பல் இல்லாமலே போகிறது

கப்பல் மூழ்கினால் செய்தித்தாளில் வருகிறது. ஓடையில் ஒரு பை போனால் வருவதில்லை. ஆனால் நிலத்திலிருந்து மழையோடு போவது ஆண்டுதோறும் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

2015 மார்ச்சில் சென்னைக் கடற்கரையில் ஆய்வாளர்கள் நெகிழிக் குருணைகளைச் சேகரித்து எண்ணினார்கள். அதே ஆண்டு நவம்பரில், பெருமழைக்குப் பின் மறுபடியும் எண்ணினார்கள். மூன்று மடங்காகியிருந்தது. கூவமும் அடையாறும் நிலத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்திருந்தன. தமிழ்நாட்டுக் கடற்கரையில் 25 இடங்களில் எடுத்து 2018இல் வெளியான இன்னோர் ஆய்வும், ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய கரைகளில் நுண்நெகிழி கூடுதலாக இருப்பதைக் காட்டியது.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். சங்கரன்கோவிலுக்கு வடக்கே கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஓடும் நிட்சேப நதி வைப்பாற்றில் சேர்கிறது. வைப்பாறு சிப்பிகுளம் அருகே கடலில் கலக்கிறது. தெற்கே குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாகி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. இரண்டும் போய்ச் சேரும் இடம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கடற்பசுவும் இருக்கிற கடல். நம் ஊரில் இருந்து அந்தக் கரை நூறு கிலோமீட்டருக்குள்தான்.

"ஓடையில்தான் தண்ணீரே இல்லையே" என்று அந்த மாணவனைப் போல நீங்களும் கேட்கலாம். வறண்ட ஊர் என்பதால்தான் நமக்குப் பொறுப்பு கூடுதல். நெகிழியை உடைப்பது முக்கியமாக வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும். குளிர்ந்த கடல்நீரில் மிதக்கும் நெகிழி மெதுவாகத்தான் உடையும். சூடான தரையில் கிடக்கும் நெகிழி விரைவில் நொறுங்கும். சித்திரை வெயிலில் வரப்பில் கிடந்த உரச்சாக்கைத் தூக்கிப் பாருங்கள், கையிலேயே பொடிப்பொடியாக உதிரும். ஆடிக் காற்றில் சீமைக்கருவேல முள்ளில் மாட்டிய பை, ஆவணிக்குள் கிழிந்து நாராகிவிடும். எட்டு மாதம் வெயிலில் காய்ந்து பொடியாகிக் காத்திருக்கிறது. ஐப்பசியில் ஓடை ஓடும்போது எல்லாம் ஒன்றாகக் கிளம்புகிறது. குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு. அடுத்த குளமும் பெருகினால் ஆற்றுக்கு.

எல்லாமே கடலுக்குப் போய்விடுவதும் இல்லை. ஒரு பகுதி குளத்து வண்டலிலேயே தங்குகிறது. கோடையில் அந்தக் கரம்பையை அள்ளி வயலுக்கு அடிக்கிறோம். நாம் விட்டெறிந்தது உரத்தோடு உரமாக நம் வயலுக்கே திரும்பி வருகிறது.

நான் செய்த தவறு

ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் நடந்தது. நெகிழி ஒழிப்பு நாள் கொண்டாடினோம். உறுதிமொழி எடுத்தோம். ஊரைச் சுற்றி ஊர்வலம் போனோம். பிள்ளைகள் வெயில் பாராமல் தெருத்தெருவாகப் பொறுக்கினார்கள். பதினோரு மூட்டை சேர்ந்தது. மூட்டைகளுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தேன். குழுவில் போட்டேன். பாராட்டு வந்தது.

மூட்டைகளை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. சுற்றுச்சுவருக்குப் பின்னால், ஓடைக்கரையில் அடுக்கச் சொன்னேன். நாளைக்கு யாரிடமாவது சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவேயில்லை. தேர்வு வந்தது, விடுமுறை வந்தது. ஐப்பசியில் ஓர் இரவு நல்ல மழை. காலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஓடி வந்தாள். "டீச்சர், நம்ம மூட்டையெல்லாம் ஓடையோட போயிட்டு."

போய்ப் பார்த்தேன். சாக்குகளும் நெகிழிச் சாக்குகள்தானே. வெயிலில் இற்றுப்போய் வாய் பிளந்திருந்தன. ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்ததை நாங்களே ஒன்று சேர்த்து, ஓடையின் வாயில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை என்னைக் குறை சொல்லவில்லை. "அப்ப நாம ஏன் டீச்சர் பொறுக்கினோம்?" என்று மட்டும் கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எங்கே போய்ச் சேரும் என்று தெரியாமல் எதையும் சேகரிக்கச் சொல்வதில்லை. முதலில் ஊராட்சித் தூய்மைக் காவலர் எந்த நாளில் வருவார், எதை எடுத்துக்கொள்வார் என்று கேட்போம். அதன் பிறகுதான் சேகரிப்பு. சேகரித்தது அன்றைக்கே கைமாறிவிடும்.

எரித்துவிடலாமே என்று சிலர் சொல்வதுண்டு. எரிக்கக் கூடாது. நச்சுப்புகை பிள்ளைகளின் மூக்கில் ஏறும். முழுதும் எரியாத கருந்துண்டுகள் சாம்பலோடு கிடந்து, அடுத்த மழைக்கு அதே ஓடையில்தான் இறங்கும்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலும் உப்பும்

சரி, வகுப்பறையில் என்ன செய்யலாம்? ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியிலும் செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஆய்வாளர்கள் கையாளும் முறையின் எளிய வடிவம்தான் இது. அடிப்படை, அடர்த்தி பற்றிய பாடம்.

குளத்து மறுகால் பக்கமோ ஓடையிலோ மேல்மண் ஒரு டம்ளர் எடுங்கள். ஸ்டீல் கரண்டியால் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 350 கிராம் உப்பைக் கரையுங்கள். கரைசலின் அடர்த்தி ஏறத்தாழ 1.2 ஆகிவிடும். பை, சாக்கு, கயிறு செய்யும் பாலிஎதிலீனும் பாலிபுரொப்பிலீனும் சாதாரணத் தண்ணீரிலேயே மிதப்பவை. இந்த உப்புக்கரைசலில் பாலிஸ்டைரீனும் நைலானும்கூட மேலே வரும். தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பெட் போன்ற அடர்த்தி கூடிய வகைகள் இதிலும் அடியில்தான் நிற்கும். ஆகவே நாம் காண்பது இருப்பதை விடக் குறைவே என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

கரைசலை முதலில் வடிதாளில் வடித்துவிடுங்கள். ஏன் தெரியுமா? உப்பிலேயே நுண்நெகிழி இருக்கலாம். தூத்துக்குடி உப்பை அங்குள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். கடல்நீரில் விளைந்த உப்பிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் விளைந்த உப்பிலும் நுண்நெகிழி இருந்தது. கடல்நீர் உப்பில்தான் அதிகம். "நமக்கும் கடலுக்கும் என்ன?" என்று கேட்கும் பிள்ளைக்கு, நம் வீட்டுக் குழம்பில் கரைகிற உப்பு எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று கேட்டாலே போதும்.

வடித்த கரைசலை மண்ணில் ஊற்றி நன்றாகக் கலக்கி, மூடி, ஓர் இரவு வையுங்கள். காலையில் அசைக்காமல் மேல்நீரை மட்டும் வடிதாளில் ஊற்றுங்கள். தாள் காய்ந்ததும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம். சருகா, நெகிழியா என்ற ஐயம் வந்தால், சூடாக்கிய ஊசியால் தொட்டால் நெகிழி உருகும் அல்லது சுருளும். ஊசி ஆசிரியர் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் அவசியம். மண் போடாத வெறும் உப்புக்கரைசலையும் அதேபோல் ஒரு பாட்டிலில் வைத்து, அதே நேரத்தில் வடித்துப் பார்க்க வேண்டும். முதல் முறை நாங்கள் இதைச் செய்தபோது, மண் போடாத பாட்டிலின் தாளில் நீல நிற இழை ஒன்று தெரிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மாணவிதான் கண்டுபிடித்தாள். "டீச்சர், இது உங்க சேலை கலரு."

அன்று நான் கட்டியிருந்தது பாலியஸ்டர் சேலை. வகுப்பு சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆனால் அந்த ஓர் இழை, இரண்டு பாடங்களை நடத்திவிட்டது. சோதனையில் ஒப்பீட்டுக்கு ஒன்று ஏன் வேண்டும் என்பது முதல் பாடம். நுண்நெகிழி குப்பையிலிருந்து மட்டும் வருவதில்லை, உடுத்தும் துணியிலிருந்தும் வருகிறது என்பது இரண்டாவது. பிளிமத் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, 6 கிலோ அக்ரிலிக் துணியைச் சலவை இயந்திரத்தில் ஒரு முறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும். பருத்தி இழையும் உதிரும், ஆனால் அது மட்கிவிடும். சங்கரன்கோவில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பருத்தியின் அருமையை இதைவிடப் பக்கத்தில் இருந்து சொல்ல முடியாது.

மண் போட்ட பாட்டிலின் தாளில் சாக்கு நாரும், பைத்துண்டும், கூடவே மினுமினுப்பாகச் சில புள்ளிகளும் இருந்தன. அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆண்டு விழாவில் தூவிய ஜிகினா.

பள்ளியிலிருந்தே தொடங்குவோம்

ஜிகினாத் தூளில் பெரும்பாலானது பொடியாக வெட்டிய நெகிழித் தாள்தான். பிறக்கும்போதே நுண்நெகிழி. ஐரோப்பிய ஒன்றியம் உதிரியான நெகிழி ஜிகினா விற்பதற்கு 2023 அக்டோபரில் தடை கொண்டுவந்தது. நம் பள்ளி வாசலுக்குள் அது நுழையாமல் இருக்க அரசாணை எதுவும் தேவையில்லை, நாம் வாங்காமல் இருந்தால் போதும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. உலக அளவில் நெகிழி ஒப்பந்தம் கொண்டுவர 2022 மார்ச்சில் நைரோபியில் முடிவெடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடியவர்கள் உடன்பாடு எட்டாமலே கலைந்தார்கள். அவர்கள் எப்போது கூடி முடிவெடுப்பார்கள் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் கையில் இருப்பவற்றைப் பார்ப்போம். விழாவுக்கு ஃப்ளெக்ஸ் பதாகைக்குப் பதில் துணியோ கரும்பலகையோ போதும். செயல்திட்டம் கொண்டு வா என்றால் தெர்மகோல் என்று பிள்ளைகள் பழகிவிட்டார்கள். களிமண்ணும் பனையோலையும் தென்னங்குச்சியும் கொண்டு செய்தால் கூடுதல் பாராட்டு என்று சொல்லிப் பாருங்கள். பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுக்கும் பிள்ளையிடம், உறை இல்லாத கடலை உருண்டையோ வாழைப்பழமோ கொண்டுவரலாமே என்று சொல்லலாம். கட்டளையாக வேண்டாம். இதெல்லாம் வீட்டு வசதியைப் பொறுத்தது. எந்தப் பிள்ளையும் நாணிக் கோணக் கூடாது.

எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். மனித இரத்தத்திலும் நுண்நெகிழி இருப்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2022இல் கண்டார்கள். அது உடலுக்கு என்ன செய்கிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது "மீன் சாப்பிடாதே" என்று முடித்துவிடக் கூடாது. மீனில் நுண்நெகிழி பெரும்பாலும் குடலில்தான் காணப்படுகிறது. அதை நம் வீடுகளில் கழுவும்போதே எடுத்துவிடுகிறோம். வண்டியில் மீன் கொண்டுவந்து தெருவில் கூவி விற்பவர் பிழைப்பில் நம் பாடம் மண் போட்டுவிடக் கூடாது. கடலைக் கெடுத்ததில் அவருக்கு இருக்கும் பங்கை விட நமக்கு இருக்கும் பங்கு அதிகம்.

உங்களிடம் கேட்பது

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் ஓடை எந்தக் குளத்துக்குப் போகிறது, அந்தக் குளம் மறுகால் பாய்ந்தால் எங்கே போகிறது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் விடை வேறு. எந்தப் புத்தகத்திலும் இருக்காது, ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கும். கேட்டு வந்ததை ஒரு தாளில் கோடாக வரையட்டும். கோட்டின் முனையில் கடல் வரும்வரை வரையட்டும்.

நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு வேறொரு வேலை. பருவமழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. மழைக்கு முன் ஒரு பாட்டில் மண், மழை ஓய்ந்த பின் தை மாதத்தில் அதே இடத்தில் ஒரு பாட்டில் மண். இடமும் தேதியும் எழுதி ஒட்டி, வானவில் மன்றத்திலோ சுற்றுச்சூழல் மன்றத்திலோ சோதித்துப் பாருங்கள். கொஞ்சம் மண்ணைத் தொடாமல் மூடி வையுங்கள். அடுத்த ஆண்டும் எடுங்கள். 1960களில் யாரோ எடுத்து வைத்த மாதிரி 2004இல் பேசியதைச் சொன்னேன் அல்லவா? நம் பள்ளி அலமாரியில் இருக்கும் பாட்டிலும் ஒருநாள் பேசும். அதை எடுத்துப் பார்ப்பவர் நம் மாணவராகவே இருக்கலாம்.

அந்த எட்டாம் வகுப்பு மாணவன் இப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். சில மாதங்களுக்கு முன் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். நானே போய்ச் சொன்னேன். "நீ கேட்டதற்கு அன்னைக்கு நான் பதில் சொல்லலைப்பா. நம்ம ஊர்ல கடல் இல்லைதான். ஆனா கடலுக்குப் போற வழி நம்ம ஊர்ல இருக்கு." அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "எங்க வயக்காட்டு ஓடை வழியாவா டீச்சர்?" என்றான்.

ஆமாம், அந்த வழியாகத்தான். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.